நாலாவது மாடிக் குழாய்

சுங்கைப் பட்டாணியில் தண்ணீர் நின்று போய்த் திரும்பி வரும்போது, குழாயைத் திறந்தால் முதலில் வருவது காற்று. புஸ்ஸென்று ஒரு சீறல், இரண்டு இருமல், பிறகு தே தாரிக் டீயின் நிறத்தில் ஒரு வாளி, அதற்கப்புறம்தான் மனிதர் வாயில் வைக்கிற தண்ணீர். இந்த ஊர்க்காரர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு குளியலறையில் ஒரு நீலத் தோங் நிற்கும். பெண் பார்க்கப் போன வீட்டில் கூட என் கண் முதலில் அந்தப் பீப்பாய் பக்கம்தான் போகும், நிரம்பியிருக்கிறதா, மூடி இருக்கிறதா என்று.

போன வாரமும் இரண்டு நாள் நின்றது. இரண்டாம் நாள் மத்தியானம் என் மகள் கைப்பேசியைப் பார்த்து, "அம்மா, தண்ணி வந்துருச்சாம், ஆப்ல போட்டுருக்கான்" என்றாள். எழுந்து போய்த் திறந்தேன். காற்று கூட வரவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாருகிட்ட கேட்டுச் சொல்றான் இவன்?"

"அது ஆளு இல்லம்மா. சிஸ்டம் லா."

"சிஸ்டத்துக்கு நாலாவது மாடியில யாரு இருக்கா?"

அவளுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? நான் அவளிடம் சொன்னதே இல்லை. வேலையிலிருந்து நின்று மூன்று வருடம் ஆகிறது, இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம் வெட்கம், வேறொன்றுமில்லை.

நான் தண்ணீர் லாரி ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். ஆபீஸ் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் என் சிநேகிதிகள் வேலை செய்கிறார்கள். கடைவீட்டு மேல்மாடி, மூன்று தொலைபேசி, சுவர் நிறைய ஒரு வெள்ளைப் பலகை, ஜன்னலுக்குக் கீழே லாரி நிற்கும் இடம். குழாயில் தண்ணீர் நின்று போனால் ஜனங்கள் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். எந்தத் தாமானில், எந்தக் குடியிருப்பில் தண்ணீர் இல்லையோ அதைச் சிவப்பு மசியால் பலகையில் எழுதி, எந்த லாரி முதலில் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. ஊரோ பெரிய ஊர். இருந்ததோ மூன்று லாரி.

இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது, அந்த வேலையை நான் அப்படி ஆசைப்பட்டுச் செய்தேன். பொங்கல் முடிந்து வெயில் ஏறும். பெண்டாங் பக்கம் வயலில் வைக்கோல் எரிக்கிற புகை வாசனை காலையில் பஸ்ஸில் வரும்போதே மூக்கில் அடிக்கும். ஆஹா, தொடங்கப் போகிறது என்று நினைத்துக் கொள்வேன். ஆபீஸ் படியேறும்போதே மூன்று போனும் சேர்ந்து அலறும். பையைக் கூட இறக்காமல் ஒன்றை எடுப்பேன். அந்தப் பரபரப்பில் ஒரு சுகம் இருந்தது. மேசையில் நாசி லெமாக் பொட்டலம் பிரித்தபடியே கிடக்கும், நான்கு வாய் சாப்பிடுவதற்குள் பகல் போய்விடும். இன்றைக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்து மூன்று வேளையும் சூடாகச் சாப்பிடுகிறேன், அந்த ருசி இல்லை.

லாரிக்கு ஒரு வரிசை உண்டு. ஆஸ்பத்திரியும் சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையமும் முதலில். அதற்கு அடுத்தது எங்கள் மேலதிகாரி போட்ட சட்டம். அவர் ஒரு மலாய்க்காரர், அதிகம் பேசாதவர், ஆனால் இதில் மட்டும் ஒரே பிடி. "ஜெனாஸா டூலு" என்பார். பிணம் முதலில் என்று அர்த்தம். சாவு வீடு யார் வீடானாலும் சரி, மலாய்க்காரர், சீனர், தமிழர், கேள்வியே இல்லை, அடுத்த லாரி அங்கேதான். செத்தவரைக் குளிப்பாட்டாமல் அனுப்பக் கூடாது. கல்யாணம், கோயில், சூராவ் தொழுகைக்கூடம், பள்ளிக்கூடம், சாப்பாட்டுக் கடை எல்லாம் அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். எல்லாருக்கும் கடைசியில் தாமான்களும் அடுக்குமாடிகளும்.

இதில் எனக்குப் பெரிய தலைவலி நம்ம ஆட்கள்தான். போனை எடுத்து நான் மலாயில் பேசினாலும் என் 'ஹலோ'விலேயே கண்டுபிடித்து விடுவார்கள். "ஐயோ, நம்ம அக்காவா! அக்கா, நீங்க எந்த எஸ்டேட்டுக்கா?" அவ்வளவுதான். நான் பிறந்தது குருண் பக்கத்துத் தோட்டம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், இரண்டு நிமிடத்தில் எனக்கும் அவர்களுக்கும் ஒரு மாமன் மச்சான் உறவு முளைத்துவிடும், மூன்றாவது நிமிடம் லாரி கேட்பார்கள். அதனால், "நான் எந்த எஸ்டேட்டும் இல்ல, இந்த ஆபீஸ்லயே பொறந்தேன். தண்ணி இல்லாதது எந்தத் தாமான், அதச் சொல்லுங்க" என்பேன். திமிர் பிடித்தவள் என்று கோயில் வாசலில் என்னைப் பேசியது என் காதுக்கே வந்தது.

அதோடு விட்டேனா? ஒருதலைப்பட்சம் என்று ஒருத்தர் விரல் நீட்டக் கூடாது என்ற பயத்தில், நம்ம ஆட்கள் அதிகம் இருக்கிற இடங்களை ஒரு படி கீழே தள்ளி எழுதிய நாட்களும் உண்டு. நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்துக் கொண்டேன்.

அந்தத் தள்ளி எழுதிய இடங்களில் ஒன்றுதான் ஊர்க் கோடியில் இருந்த மலிவு விலை அடுக்குமாடி. மேட்டு நிலம். பெரிய குழாய் ஊரெல்லாம் சுற்றி வந்து அங்கே போய் முடியும். அதிலும் நாலாவது மாடி என்றால் கேட்கவே வேண்டாம், கடைசிச் சொட்டு அங்கேதான் ஏற வேண்டும். ஒரு வருடம் பங்குனி வெயிலில் ஐந்து நாள் அவர்களுக்குத் தண்ணீர் இல்லை. ஐந்தாம் நாள் காலை ஓர் ஆண் குரல், பாதி அழுகையில்.

"அக்கா, வீட்டுல சாவுக்கா."

"யாரு தம்பி?"

"எங்கம்மா."

எனக்கு மனசு இளகிப் போயிற்று. கோயிலுக்குப் போகவிருந்த லாரியைத் திருப்பி அங்கே அனுப்பினேன். அரை மணி கழித்து லாரி ஓட்டுகிற தம்பி என்னைக் கூப்பிட்டான். அவன் நம்ம ஆள், எதையும் பதறாமல் சொல்லுவான்.

"அக்கா, இங்க கெமா, பந்தல் ஒண்ணும் இல்ல, நாற்காலி இல்ல, பெட்டி இல்ல. செத்தவங்க வரிசையில மொத ஆளா தோங் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க லா."

கொதித்துப் போனேன். வந்த நம்பரை அப்படியே திருப்பி அழுத்தினேன். எடுத்தது ஒரு பெண் குரல், கணீரென்று, கூடம் நிறையப் பேசுகிற குரல்.

"யாரு?"

"தண்ணி ஆபீஸ். செத்துப்போன அம்மா இருக்காங்களா?"

"நான்தான். செத்தவ பேசறேன், சொல்லுங்க."

 என்னம்மா இது அநியாயம், சாவு வீடென்று சொல்லித் தண்ணீர் வாங்கலாமா, மகனை விட்டு இப்படிச் சொல்லச் சொல்ல உங்களுக்கு வாய் கூசவில்லையா என்று கத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சாவகாசமாகச் சொன்னார்: "அஞ்சு நாளா குளிக்காம கெடக்கோம் பொண்ணு. பச்சப் புள்ளைங்க இருக்கு. ரெண்டு வூட்டுல படுத்த படுக்கையா ஆளு இருக்கு. உங்க வரிசையில செத்தாத்தான தண்ணி? யாராச்சும் ஒருத்தர் செத்தாகணும். எனக்குத்தான் வேல வெட்டி இல்ல, நான் செத்தேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தேன். முடியவில்லை. போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக் கொண்டு சிரித்தேன். அது அவருக்கும் கேட்டிருக்கும், அவரும் சிரித்தார். மேலதிகாரிக்கு நான் சொல்லவில்லை. பதிவேட்டில் 'சாவு வீடு, ஒரு லாரி' என்று எழுதி மூடினேன். அந்தப் பொய்யில் பாதி என் பங்கு.

அதிலிருந்து தண்ணீர் நிற்கும் போதெல்லாம் காலை பத்து மணிக்கு அந்த நம்பர் அடிக்கும். "தண்ணிக்காரம்மா, செத்தவ பேசறேன்." வரிசையில் எங்கே இருக்கிறோம் என்று கேட்பார். மூன்றாவது என்றால், "சரி, இன்னைக்கு சாவு வேணாம், தாங்கும்" என்பார். அவர் சிடாம் கிரி தாண்டி ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக் கொண்டிருந்தவர். தோட்டத்தை விற்றதும் இந்த அடுக்குமாடிக்கு வந்தார், கொஞ்ச காலம் ஒரு பேக்டரியில் கூட்டிப் பெருக்கினார், முட்டி வலியில் நின்று விட்டார். வீட்டுக்காரர் இல்லை. ஷிப்டு வேலை பார்க்கும் மகனோடு இருந்தார். இதெல்லாம் ஒரே நாளில் சொன்னதில்லை. இரண்டு போனுக்கு நடுவே இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று நான்கு வருடத்தில் சேர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், போகப் போக எனக்கு அந்த அம்மா இல்லாமல் வேலை ஓடாது என்று ஆகிவிட்டது. மேலே சுத்திகரிப்பு ஆலையில் வால்வைத் திறந்ததும் ஆபீஸ் திரையில் அழுத்தம் ஏறுவது தெரியும். எல்லாம் சரியாயிற்று, லாரிகளைத் திரும்பக் கூப்பிடு என்பார்கள். அந்தத் திரை சுத்தப் பொய். பள்ளத்தில் இருக்கிற கடைக்குத் தண்ணீர் வந்துவிடும், மேட்டில் இருக்கிறவன் இன்னும் அரை நாள் காய்வான். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊரிலேயே கடைசியாகத் தண்ணீர் ஏறுகிற குழாய் அந்த அம்மாவுடையது. அங்கே வந்துவிட்டால் ஊர் முழுக்க வந்துவிட்டது. "வந்துருச்சு பொண்ணு, நல்லா வருது" என்று அவர் சொன்ன பிறகுதான் நான் துணியை எடுத்துப் பலகையில் சிவப்பு மசியை அழிப்பேன். எப்படி உனக்கு மட்டும் சரியாகத் தெரிகிறது என்று மேலதிகாரி கேட்டார். உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

ஒரு தடவை அவர் பேசவே இல்லை. போனை எடுத்தால் வெறும் இரைச்சல். கைப்பேசியைக் குழாய் அடியில் பிடித்திருந்தார். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் முதலில் டமடமவென்றும், வாளி நிறைய நிறைய மெத்தென்றும் கேட்டது. மற்ற இரண்டு போனும் அடித்துக் கொண்டிருந்தன. நான் எடுக்கவில்லை. வாளி நிறைந்து வழிகிற வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

"ஒரு நாளு வூட்டுக்கு வா லா. நண்டு கறி ஆக்கித் தரேன்" என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார். என் ஆபீஸிலிருந்து அவர் வீடு காரில் பன்னிரண்டு நிமிடம். இந்த வாரம், அடுத்த வாரம், தீபாவளிக்கு அப்புறம் என்று தள்ளிக் கொண்டே வந்தேன். முகம் பார்க்காமலே நான்கு வருடம். அந்தக் குரலை வைத்து ஆள் நல்ல உயரம், பருமன் என்று நானே ஓர் உருவம் செய்து வைத்திருந்தேன்.

கடைசி முறை பேசும்போது இடையிடையே இருமினார். "என்னம்மா, உங்க பைப்புலயும் காத்து வருதா?" என்று கேலி செய்தேன். சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகப் போனது. வரிசையில் அடுத்த போன் காத்திருந்ததால் வைத்து விட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் மழை, ஊருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, அவருடைய போனும் இல்லை. தண்ணீர் வந்தால் என்னை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று இருந்து விட்டேன்.

பிறகு ஒரு நாள் குருண் பக்கம் சாலை தோண்டியவர்கள் பெரிய குழாயை உடைத்து விட்டார்கள். ஒரே நாளில் பாதி ஊர் காய்ந்தது. மறுநாள் காலை ஆபீஸில் போன் வைக்க முடியவில்லை. ஒன்பது மணி இருக்கும். திரையில் அந்த நம்பர். இவ்வளவு ரகளையிலும் எனக்கு முகம் மலர்ந்தது.

"சொல்லுங்க, செத்தவங்களா?" என்றேன்.

 பதில் சொன்னது மகன் குரல்.

"அக்கா… அம்மா தவறிட்டாங்கக்கா. லோரி ஒண்ணு வேணும்."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

"மறுபடியுமா? தம்பி, ரெண்டு நாளுக்கே சாவா? உங்கம்மாகிட்ட போனக் குடு. நான் பேசிக்கிறேன்."

 அவன் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் யாரோ என்னவோ பேசினார்கள். பிறகு அவன், "சரிக்கா" என்றான். அவ்வளவுதான். அம்மாவைக் கூப்பிடப் போகிறான் என்று நினைத்து போனைக் காதிலேயே வைத்திருந்தேன். துண்டித்து விட்டான். அடுத்த போனை எடுத்தேன். பக்கத்து மேசைப் பெண்ணிடம், "என் சிநேகிதி இன்னைக்கும் செத்துட்டாங்க" என்று சொல்லி அவளையும் சிரிக்க வைத்தேன். பலகையில் அந்த அடுக்குமாடியை ஒன்பதாவதாக எழுதினேன்.

பதினொன்றரைக்கு இன்னொரு போன். அந்த அடுக்குமாடிக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம் நானா. கடைக்குத் தண்ணீர் கேட்டு அவரும் என்னிடம் பல தடவை சண்டை போட்டவர்தான். அன்றைக்குச் சண்டை போடவில்லை.

"தங்கச்சி, சாவு வீட்டு லோரி எப்ப வருது? மூணு மணிக்கு எடுக்கணும்ங்கறாங்க. என் கட டேங்குல இருந்தத ரெண்டு வாளி குடுத்தேன். அதுக்கு மேல இல்லம்மா."

"எந்தச் சாவு வீடு நானா?"

"என்னா தங்கச்சி, காலையிலயே ஆபீஸுக்குச் சொல்லியாச்சுன்னானே பையன். நாலாவது மாடி அம்மா. விடியக்கால போயிட்டாங்க. மூணு வாரமா ஆஸ்பத்திரியில கெடந்து, நேத்துதான் வூட்டுக்குக் கொண்டாந்தாங்க."

  அவன் சொன்ன 'சரிக்கா' இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் என் காதில் விழுந்தது. தாயைப் பறிகொடுத்தவனிடம் தாயைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் வந்துவிட்டது என்று அந்த வீடு சொன்னால், திரையையே நம்பாமல் அதை நம்பியவள் நான். உயிர் போய்விட்டது என்று சொன்னபோது நம்பவில்லை.

மூன்று மணிக்கு முன்னால் ஒரு லாரி அங்கே போயாக வேண்டும். ஒன்று ஆஸ்பத்திரியில் நின்றது, தொட முடியாது. ஒன்று குருண் போய்விட்டது, நிரப்பித் திரும்ப நான்கு மணி ஆகும். மூன்றாவது சிடாம் கிரியில். அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"டேங்குல எவ்ளோ இருக்கு தம்பி?"

"பாதி இருக்குக்கா. ஆனா இங்க ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தோங் நிக்குது. நேத்துலேர்ந்து காத்திருக்காங்க. எப்படிக்கா விட்டுட்டு வர்றது?"

"சாவு வீடுன்னு சொல்லு."

அவன் போனைக் கையில் பிடித்தபடியே ஜன்னலில் தலையை நீட்டி தமிழிலும் மலாயிலும் உரக்கச் சொன்னது எனக்குக் கேட்டது.  பிறகு தார் ரோட்டில் பிளாஸ்டிக் பீப்பாய்களை இழுக்கிற சத்தம், ஒன்று, இரண்டு, பிறகு பல. லாரிக்கு வழி விட்டு ஒதுக்கிக் கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சொன்னார்: "போங்க தம்பி, மொதல்ல அங்க போங்க. நாங்க எப்படியாச்சும் பாத்துக்கறோம்." யார் வீடு, என்ன ஜாதி, நிஜமா பொய்யா, ஒருத்தர் கேட்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். மேலதிகாரி அறைக்குப் போய், "ஜெனாஸா. நான் போகணும்" என்றேன். என் முகத்தைப் பார்த்தவர், "பெர்கி லா" என்று கதவைக் காட்டினார். அத்தனை வருடத்தில் போன் அடிக்கும்போது நான் இருக்கையை விட்டு எழுந்தது அன்று ஒரு நாள்தான்.

பன்னிரண்டு நிமிடம். அடுக்குமாடிக்கு முன்னால் நீலக் கெமா போட்டிருந்தது. நாலாவது மாடிக்குப் பெட்டி ஏறாது என்பதால் அவரையே கீழே கொண்டு வந்திருந்தார்கள். ஒரு பக்கம் நான்கு சேலைகளைக் கட்டி மறைப்புச் செய்திருந்தார்கள். மறைப்புக்கு வெளியே ஒரு நீள மேசையில் தண்ணீர் வரிசையாக இருந்தது. ஒரு குடம், நானாவின் இரண்டு வாளி, மினரல் பாட்டில்கள், ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, குழந்தைகள் பள்ளிக்குக் கொண்டு போகிற பாட்டில்கள் நான்கைந்து. வீட்டுக்கு வீடு மிச்சம் இருந்ததைக் கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கொண்டே நின்றேன், உட்காரத் தோன்றவில்லை.

லாரி ஒரு மணிக்கு வந்து சேர்ந்தது. வழக்கமாகப் பொதுக் குழாயடிக்குப் போய்த்தான் சாவு நீர் எடுப்பார்கள். அன்றைக்குக் குழாய் காய்ந்து கிடந்ததால் லாரிக்கே போனார்கள். நான்கு பேர் வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்க, அதன் அடியில் ஒருவன் ஈர வேட்டியோடு, மழித்த தலையோடு, செம்பைத் தோளில் வைத்துக் கொண்டு முதலில் வந்தான். மகன். பின்னால் சொந்தக்காரப் பெண்கள். ஓட்டுகிற தம்பி இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்தான். காற்று வரவில்லை. நேரே தண்ணீர் கொட்டியது.

செம்பு நிறைந்து திரும்பும்போது நான் குறுக்கே போய் நின்றேன். அவனுக்கு என்னைத் தெரியாது, யாரோ துக்கத்துக்கு வந்த பெண் என்று ஒதுங்கப் பார்த்தான்.

"தம்பி, நான்தான். தண்ணி ஆபீஸ்."

குரலில் கண்டுபிடித்தான். என்னையே பார்த்தான். அறைந்திருந்தால் வாங்கிக் கொண்டிருப்பேன். நாலு வார்த்தை கேட்டிருந்தால் தலை குனிந்திருப்பேன். அவன் இரண்டும் செய்யவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து மறைப்பு வரைக்கும் கூட்டிப் போனான். சேலையை விலக்கி, உள்ளே இருந்த பெண்களிடம், "அம்மாகூட போன்ல பேசுற அக்கா. வந்துருக்காங்க" என்றான். "அந்த அக்காவா?" என்று ஒரு பெண் வழி விட்டாள். எல்லாருக்கும் என்னைத் தெரிந்திருந்தது.

பெஞ்சில் படுத்திருந்தவர் சின்ன உருவம். ஒல்லி. முழங்கால் எலும்பு தெரிந்தது. எண்ணெயும் சீயக்காயும் நெற்றியில் வழிந்து நின்றன. இந்த உடம்பிலிருந்தா அந்தக் குரல் வந்தது?

மகன் செம்பை என் கையில் கொடுத்தான்.

"பேசணும்னு சொன்னீங்களேக்கா. பேசுங்க" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

குனிந்தேன். காது கிட்டே போய், "அம்மா, நான்தான், தண்ணிக்காரி. நம்பாம போயிட்டேம்மா" என்றேன். வேறு என்னவெல்லாமோ சொன்னேன், நினைவில்லை. தலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். எண்ணெய் கரைந்து கன்னத்தில் இறங்கியது, கையால் துடைத்து விட்டேன். செம்பு காலியானதும் பக்கத்தில் நின்ற பெண் அதை என்னிடமிருந்து வாங்கி, திரும்ப மொண்டு, என் கையிலேயே கொடுத்தாள்.

"ஊத்துங்கக்கா. தண்ணி நெறைய இருக்கு" என்றாள்.